200 சுற்றுச் சுற்றியும் 12 குண்டூசிதான்: மின்காந்தத்தில் எங்கே பிழை?

கேள்வி – ஒட்டுசுட்டான் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 11 படிக்கிறான். அடுத்த கிழமை பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. சுற்றுகளின் எண்ணிக்கை கூடக் கூட மின்காந்தத்தின் வலிமையும் கூடும் என்று செய்து காட்டப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

எரிந்துபோன மேசை மின்விசிறி ஒன்று வீட்டில் கிடந்தது. அதிலிருந்து செப்புக் கம்பியைக் கழற்றி நாலு அங்குல ஆணியில் சுற்றினான். கம்பி மெல்லிசு, தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு. பெரிய டோர்ச் பற்றரி ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்தேன். 10 சுற்றுக்கு 3 குண்டூசி தூக்கியது. 50 சுற்றுக்கு 11. இரண்டு பேருக்கும் பெரிய சந்தோசம். அடுத்த நாள் பின்னேரம் முழுக்க இருந்து 200 சுற்றுச் சுற்றினான். நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். 120இல் எண்ணிக்கை பிசகி, அவிழ்த்து மறுபடியும் தொடங்கினோம். அவ்வளவு பாடுபட்டும் 12 குண்டூசிதான். 40 ஆவது வரும் என்று எழுதி வைத்திருந்தான். முகம் வாடிப்போய் "அம்மா, புத்தகம் பிழையோ?" என்று கேட்கிறான்.

வேறு இரண்டு விசயமும் கவனித்தோம். 10 சுற்றுச் சுற்றியபோது பற்றரி கையில் சுட்டது, 200 சுற்றில் சுடவேயில்லை. அப்புறம், இணைப்பைக் கழற்றிய பிறகும் இரண்டு குண்டூசி ஆணியில் ஒட்டிக்கொண்டே இருந்தன.

நான் சாதாரண தரம் படித்த காலத்தில் எங்களுக்கு ஆய்வுகூடம் இருக்கவில்லை. மரத்தடியில் கரும்பலகைப் படத்தில்தான் மின்காந்தத்தைப் பார்த்தேன். அதனால் அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் – வவுனியா, விஞ்ஞான ஆசிரியை

வணக்கம் அம்மா. நீங்கள் பக்கத்தில் இருந்து எண்ணியது பெரிய உதவி. அளந்து எழுதி வைத்த பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு கேள்வி வரும்.

மூன்று விசயம் பாருங்கள். கம்பிக்கு மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், பற்றரியில் தொடும் இரண்டு நுனியிலும் அது வடிவாகச் சுரண்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது, முதல் அடுக்கு ஆணியின் தலைவரை போய், இரண்டாம் அடுக்கு திரும்பி வரும்போது பிள்ளைகள் சுற்றும் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். முதலில் வலஞ்சுழியாகச் சுற்றியிருந்தால் திரும்பி வரும்போதும் வலஞ்சுழிதான். மாறினால் ஒரு அடுக்கு உண்டாக்கும் புலத்தை மற்ற அடுக்கு அழித்துவிடும். கடைசியாக, ஒரு திசைகாட்டியை ஆணியின் தலைக்குக் கிட்ட வைத்து இணைப்புக் கொடுங்கள், பிறகு பற்றரியைத் திருப்பிப் போட்டுக் கொடுங்கள். ஊசியின் எதிர் முனை திரும்பினால் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி திரும்புவதை 1820இல் ஏர்ஸ்டெட் கண்டார். மகன் அதையும் கண்காட்சியில் காட்டலாம், அழகாக இருக்கும்.


ஒட்டுசுட்டான் அம்மா

நன்றி டீச்சர். பிளேட்டால் சுரண்டித்தான் தொட்டான். சுற்றும் பக்கமும் மாறவில்லை, அதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். திசைகாட்டி ஊசியும் நீங்கள் சொன்ன மாதிரியே திரும்புகிறது. ஆனால் குண்டூசி இப்போது 10 ஆகக் குறைந்துவிட்டது.


பதில் – கிளிநொச்சி, மோட்டர் கொயில் கட்டுபவர்

தங்கச்சி, "எரிந்துபோன மின்விசிறி" என்று வாசித்ததும் எனக்கு அந்தக் கம்பியில்தான் சந்தேகம் வந்தது. இருபது வருசத்துக்கு மேலாக மோட்டர் கொயில் கட்டுகிறேன். எரிந்த கொயிலில் செம்புக்கு ஒன்றும் ஆகாது, மேலே இருக்கும் வார்னிஷ்தான் கருகிப்போகும். கருகினால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு, மின்னோட்டம் 200 சுற்றையும் சுற்றிப் போகாமல் குறுக்கே பாய்ந்துவிடும். கண்ணுக்கு 200, வேலை செய்வது 20 ஆகவும் இருக்கலாம்.

கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்மஞ்சள் பளபளப்பு இருந்தால் நல்லது. கறுத்து, நகத்தால் தேய்க்கத் தூள் கொட்டினால் எறிந்துவிடுங்கள். அயலில் யாரிடமாவது மல்ற்றிமீற்றர் இருந்தால் 200 சுற்றின் தடையை அளந்து சொல்லுங்கள். ஒன்று முக்கியம்: முதலில் மீற்றரின் இரண்டு கூர்முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். அது மீற்றர் வயரின் தடை, அதைக் கழிக்க வேண்டும். இவ்வளவு சின்னத் தடையில் அதைக் கழிக்காவிட்டால் கணக்கே பிழைக்கும்.


ஒட்டுசுட்டான் அம்மா

அண்ணை, கம்பி பளபளப்பாகத்தான் இருக்கிறது. மின்விசிறியில் ஒரு கொயில்தான் கறுத்துக் கிடந்தது, இவன் எடுத்தது மற்றதில். அத்தானின் மீற்றரில் அளந்தோம். முனைகளைத் தொட 0.4 ஓம், கொயிலுக்கு 2.2 ஓம். அப்படியென்றால் 1.8 தானே? கம்பியின் நீளத்தையும் கேட்பீர்கள் என்று மகன் அவிழ்த்து அளந்தான். 3 மீற்றரும் 20 சென்ரிமீற்றரும். இனி மறுபடியும் சுற்ற வேண்டும்!


பதில் – கிளிநொச்சி, மோட்டர் கொயில் கட்டுபவர்

அவிழ்த்து அளந்தானா! அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மிச்சக் கணக்கை அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

புத்தகம் பிழையில்லை. "மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது" சுற்றுக் கூடினால் வலிமை கூடும் என்பதுதான் அதன் அர்த்தம். மின்காந்தத்தின் வலிமைக்குச் சுற்றின் எண்ணிக்கை மட்டும் போதாது. சுற்றை மின்னோட்டத்தால் பெருக்க வருவதைத்தான் பார்க்க வேண்டும், அதை அம்பியர்-சுற்று என்போம். உங்கள் வீட்டில் நடந்தது என்னவென்றால், சுற்றைக் கூட்டக் கூடக் கம்பியும் நீண்டது, தடையும் கூடியது, மின்னோட்டம் இறங்கிவிட்டது.

200 சுற்றுக்கு 1.8 ஓம் என்றால் ஒரு சுற்றுக்கு 0.009 ஓம். பற்றரிக்கு உள்ளேயும் தடை உண்டு. பெரிய டோர்ச் பற்றரிக்கு அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 சுற்றில் மொத்தத் தடை 0.59 ஓம். 1.5 வோல்ற்றை அதால் பிரிக்க இரண்டரை அம்பியர், ஆகவே 25 அம்பியர்-சுற்று. 50 சுற்றில் 0.95 ஓம், 1.6 அம்பியருக்குக் கிட்ட, 79 அம்பியர்-சுற்று. மூன்று மடங்குக்கு மேல். 3 குண்டூசி 11 ஆனது இதனால்தான். 200 சுற்றில் 2.3 ஓம், மின்னோட்டம் 0.65 அம்பியர்தான், 130 அம்பியர்-சுற்று. சுற்று நாலு மடங்கு கூடியும் வலிமை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இன்னும் ஒரு பின்னேரம் இருந்து 400 சுற்றுச் சுற்றினால் 146. அந்தக் கம்பியையும் அந்த ஒரு பற்றரியையும் வைத்து ஆயிரம் சுற்றுச் சுற்றினாலும் 167ஐத் தாண்டவே தாண்டாது. 1.5ஐ 0.009ஆல் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த 167 ஏன் என்று அவனுக்கே விளங்கும்.

பற்றரி சுட்டதற்கும் இதே கணக்குத்தான். வலு என்பது அழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் பெருக்க வருவது. 10 சுற்றில் 1.5 வோல்ற்று, 2.5 அம்பியர், மொத்தம் 3.8 வாற்று. கம்பியின் தடை 0.09 ஓம், பற்றரிக்குள் 0.5 ஓம். தடை எங்கே கூடவோ அங்கேதான் சூடு. அந்த 3.8 வாற்றில் முக்கால் பங்குக்கு மேல் பற்றரியின் வயிற்றுக்குள்ளேயே எரிந்துபோனது. முதல் நாளே அது களைத்துவிட்டது தங்கச்சி. களைத்த பற்றரியை வைத்து 200 சுற்றைப் பார்த்ததால்தான் கணக்கில் வர வேண்டிய கூடுதல்கூட வரவில்லை, 12 இல் நின்றது. டீச்சர் சொன்னதைச் செய்து பார்த்தபோது இன்னும் இறங்கி 10. ஒவ்வொரு அளவுக்கும் புதுப் பற்றரி வாங்க முடியாதுதான். அதனால் ஒரு தொடுகைக்கு மூன்று நாலு விநாடிக்கு மேல் வைக்காமல், ஒரு ஆளியை, அதுதான் சுவிச்சை, பூட்டி, குண்டூசியை எண்ணியதும் நிற்பாட்டச் சொல்லுங்கள். இடையில் பற்றரிக்கு ஆறுதல் கொடுங்கள்.

வலிமையை உண்மையில் கூட்ட வேண்டுமென்றால் தடித்த கம்பி எடுங்கள். அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியில் 200 சுற்று என்றால் தடை 0.3 ஓம் அளவுதான், 375 அம்பியர்-சுற்றுக் கிடைக்கும். மெல்லிசுக் கம்பியைவிட மூன்று மடங்குக்குக் கிட்ட. ஆனால் பற்றரி கெதியாக இறங்கும், இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது. 1825இல் ஸ்டேர்ஜன் செய்த முதல் மின்காந்தத்தில் 18 சுற்றுத்தான் இருந்தது. 200 கிராம் இரும்பு நாலு கிலோவைத் தூக்கியது. கம்பி தடிப்பு, மின்னோட்டம் தாராளம், இரும்பு லாட வடிவம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தடித்த கம்பி எடுத்த பிறகு, மோட்டார் சைக்கிள் பற்றரியில் தொட்டுப் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்கு ஆசை வரும். 12 வோல்ற்றை 0.3 ஓமில் கொடுத்தால் 40 அம்பியர். கம்பி சிவந்து கையைப் பதம் பார்க்கும். சுவர்ப் பிளக்குக்குக் கிட்டவும் கொண்டு போகக் கூடாது. இதைக் கட்டாயம் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஒட்டிக்கொண்ட இரண்டு குண்டூசிக்குக் காரணம் ஆணி. கடை ஆணி முழு மென்னிரும்பு இல்லை, இழுத்து அடித்துச் செய்வதால் இறுகியிருக்கும். இறுகிய இரும்பு காந்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். சிரட்டைக் கரியை மூட்டி, ஊதி, ஆணி செக்கச்செவேல் என்று வரும்வரை வைத்து, பிறகு தண்ணீரில் போடாமல் அந்தச் சாம்பலுக்குள்ளேயே இரவு முழுக்க மூடி விடுங்கள். மெதுவாக ஆறினால் இரும்பு இளகும், ஒட்டுவதும் குறையும். ஒன்றைச் சுட்டு ஒன்றைச் சுடாமல் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் அதுவே தனிச் செய்முறை.


ஒட்டுசுட்டான் அம்மா

அண்ணை, மறுபடியும் 200 சுற்றி, புதுப் பற்றரியில் ஆளி போட்டுப் பார்த்தோம். 18 குண்டூசி! மூன்று தரம் செய்தோம், 18, 17, 18. 167 கணக்கை அவன் கொப்பியில் பெரிதாக எழுதிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். ஆணி இப்போது அடுப்புச் சாம்பலுக்குள் இருக்கிறது.

இனி அவனுடைய புதுக் கேள்வி. மின்னோட்டத்தால் காந்தம் வரும், காந்தத்தைச் சுழற்றினால் மின்னோட்டம் வரும் என்று படித்திருக்கிறான். அப்படியென்றால் கிணற்று மோட்டரின் தண்டில் ஒரு டைனமோவைப் பூட்டி, அந்தக் கறண்டையே மோட்டருக்குக் கொடுத்தால் பில் வராமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கலாமே என்கிறான். ஏலாது என்று எனக்குத் தெரிகிறது. ஏன் ஏலாது என்று சொல்லத் தெரியவில்லை.


பதில் – கிளிநொச்சி, மோட்டர் கொயில் கட்டுபவர்

இந்தக் கேள்விக்கு என் கையும் காலும் பதில் சொல்லும் தங்கச்சி.

1996இல் போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். எனக்கு அப்போது 13 வயது. வன்னிக்குள் கறண்ட் இல்லை. பற்றரியும் தடைசெய்த சாமான், எங்கேயாவது ஒன்று கிடைத்தாலும் விலை கேட்க ஏலாது. இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. அப்பப்பாவுக்கோ பிபிசி தமிழோசைச் செய்தி கேட்காமல் நித்திரை வராது. அதனால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போடுவோம். சுற்றுவது என் வேலை.

டைனமோவிலிருந்து ஒரு வயர்தான் வெளியே வரும். மற்ற வயர் சைக்கிளின் உடம்பு. பிடி பூட்டும் இடத்தில் பெயின்ற் இருந்தால் இணைப்பு வராது, அதற்கென்றே பிடியில் கூரான திருகாணி ஒன்று இருக்கும், பெயின்றைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். பழைய பலகை ஒன்றிலிருந்து நாலு டயோட்டைக் கழற்றிப் பூட்டினோம், பாடப்புத்தகத்தில் இருவாயி என்று இருக்கும். அதோடு ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த ஒரு கொள்ளளவி. அதைக் கட்டித் தந்த அண்ணாவைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது.

றேடியோ மட்டும் பூட்டியிருந்தால் பெடல் இலேசாகச் சுற்றும். ஆனால் கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிட்டால் வோல்ற்றளவு 6ஐத் தாண்டி ஏறும், றேடியோ கருகிவிடும். அதற்காக முன் லைற்று பல்பையும் சேர்த்துப் பூட்டுவோம், அது மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். பல்ப் சேர்ந்த அந்தக் கணமே பெடல் பாரமாகும். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் பல்ப் எரிகிறதா இல்லையா என்று கை சொல்லும். பல்ப் சூடாகி எரிய வேண்டிய வலு என் கையிலிருந்துதான் போனது. சில நாள் கை நோகக் காலால் மிதிப்பேன். காலுக்கும் அதே கதைதான்.

மகன் கேட்டதற்குப் பதில் அந்தப் பாரத்தில் இருக்கிறது. காந்தம் கொயிலுக்குள் சுழல மின்னோட்டம் பிறக்கும், அதை 1831இல் பரடே கண்டார். பிறந்த மின்னோட்டம் கொயிலில் ஓடத் தொடங்கியதும் கொயிலே ஒரு மின்காந்தம் ஆகிவிடுகிறது, நீங்கள் ஆணியில் செய்த அதே வேலை. அந்தப் புதுக் காந்தம் சுழலும் காந்தத்தை எப்போதும் பின்னுக்கு இழுக்கும் பக்கமாகவே உண்டாகும். பாடத்தில் லென்சின் விதி என்று வரும். எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு இழுப்பும் கூடும். மோட்டரின் தண்டில் டைனமோவைப் பூட்டினால் அந்த இழுப்பையும் மோட்டர்தான் தள்ள வேண்டும். டைனமோ ஒரு வாற்றுத் தர, தண்டிலிருந்து ஒரு வாற்றுக்கு மேல் எடுக்கும். சைக்கிள் டைனமோ என்றால் தண்டில் கொடுப்பதில் பாதிக்கு மேல் உராய்விலும் சூட்டிலும் போய்விடும்.

அளவையும் பாருங்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. உங்கள் கிணற்று மோட்டர் 1 குதிரை வலு என்றால் 746 வாற்று, 250 டைனமோவுக்குக் கிட்ட. நல்ல உடம்புள்ள ஒருவர் விடாமல் மிதித்தால் 100 வாற்று அளவுதான் தரலாம். பில்லில் வரும் ஒரு யூனிற் என்பது 1000 வாற்று ஒரு மணித்தியாலம். அதாவது ஒரு ஆள் பத்து மணித்தியாலம் இறங்காமல் மிதித்த வேலை. வெங்காயத்துக்கு இறைக்கும்போது அந்த மீற்றர் ஓடுவதைப் பார்த்து நான் இப்படித்தான் எண்ணிக்கொள்வேன்.

ஒரு முறை டைனமோ இறுகி நின்றுவிட்டது. கழற்றி, தண்டைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். உள்ளே சின்ன உருளைக் காந்தம் ஒன்று, அதைச் சுற்றி விரல் விரலாக இரும்புத் தகடு, நடுவில் கொயில். ஆசையாகப் பார்த்துவிட்டு, எண்ணெய் போட்டுத் திரும்பப் பூட்டினேன். இலேசாகச் சுற்றியது, ஆனால் பல்ப் மங்கல், றேடியோ கரகரத்தது. தட்டினாலும், அந்த இரும்புக் கூட்டிலிருந்து வெளியே எடுத்தாலும் அந்தக் காலத்துக் காந்தம் வலிமை இழக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேறு டைனமோ கிடைக்கும்வரை இரண்டு கிழமை அப்பப்பா செய்தி கேட்கவில்லை. என்னை ஒரு சொல் ஏசவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மகன் டைனமோவைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால் வேலை செய்யாத ஒன்றைத் திறக்கட்டும்.

வேலை செய்யும் ஒன்று கிடைத்தால் கண்காட்சிக்கு இதைச் செய்யச் சொல்லுங்கள். பழைய லுமாலாவோ றலியோ, ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ, 6 வோல்ற்று பல்ப், நடுவில் ஒரு ஆளி. வருகிற பிள்ளைகள் பெடலைச் சுற்றட்டும், இவன் சொல்லாமல் ஆளியைப் போடட்டும். பாரம் ஏறும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். டைனமோவின் தலை டயரின் பக்கவாட்டில் நேராக அமர வேண்டும், சரிந்தால் வழுக்கும். பிடியின் அந்தக் கூர் ஆணியை வடிவாக இறுக்கச் சொல்லுங்கள்.


ஒட்டுசுட்டான் அம்மா

அண்ணை, சித்தப்பாவின் பழைய சைக்கிளில் டைனமோ இருக்கிறது. இப்போதுதான் கவிழ்த்து வைத்தோம். பல்ப் இன்னும் எரியவில்லை, பெயின்றைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.